சதுரப் பெட்டி, வட்ட ஓட்டை

ரொக்கெட் எவ்வளவு வேகம் ரீச்சர் என்றார்கள்.
தெரியும். சொல்லவில்லை.
களுதாவளைச் சந்திப் பெட்டிக்கடையில்
வெற்றிலைக்குத் தருகிற அதே சுண்ணாம்பை
நேற்றிரவு கரைத்துத் தெளியவைத்து
சோடாப் போத்தலில் கொண்டுவந்திருந்தேன்.
"ஊதுங்கோ" என்றேன்.

டிலக்சிகா உறிஞ்சுகுழாயில் ஊதினாள்.
தெளிநீர் பத்து நொடியில் பாலாயிற்று.
"அங்கே ஆளைக் கொல்வது இதுதான்.
இருட்டில்லை, குளிரில்லை, தூரமில்லை.
இப்போது நீ வெளியே விட்டது."

வகுப்பு மூச்சைப் பிடித்துப் பார்த்தது.
பிடித்தே இருக்க முடியாதென்று
கண்டுகொண்டு சிரித்தது.

பிறகு சொன்னேன்.
ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபது.
நிலவுக்குப் போன மூவர்.
வழியில் தொட்டி வெடித்து,
இருவருக்கென்று செய்த சிறு கலத்துக்குள் ஒதுங்கினார்கள்.
ஒட்சிசன் இருந்தது.
மூச்சின் அழுக்கைக் குடிக்கும் பெட்டிகள்தான் போதவில்லை.
பக்கத்துக் கலத்தில் வேண்டிய மட்டும் கிடந்தன,
எல்லாம் சதுரம்.
இங்கே ஓட்டையோ வட்டம்.

"ரெண்டையும் செய்த ஆக்கள் கதைக்கிறயில்லையா?"
அபிசாந் கேட்டான்.
வேறு வேறு கொம்பனி என்றேன்.
"எங்கட றோட்டு மாதிரி" என்றான்.
போன கிழமை தார் போட்டார்கள்,
இந்தக் கிழமை தண்ணிக் குழாய்க்காரர் கிண்டுகிறார்கள்.

பூமியில் இருந்தவர்கள்
மேலே என்ன இருக்கிறதோ
அதை மட்டும் மேசையில் கொட்டிக்கொண்டு யோசித்தார்கள்.
நானும் கொட்டினேன்:
பொலித்தீன் பை, கொப்பி மட்டை, செலோரேப்,
என் மகனின் காலுறை ஒன்று.
சதுரச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஈரச் சுண்ணாம்புத் தூள்,
வட்டத்துக்கு அடி வெட்டிய யோகட் கப்.
ஊதும் மூச்சு பெட்டி வழியே போகவேண்டும்,
போத்தல் தெளிவாகவே இருக்கவேண்டும்.
ஒரு பாடவேளை, நாற்பது நிமிடம்.

கடல்காற்று பொலித்தீனைத் தூக்கிப்போனது.
செலோரேப் ஈரத்தில் ஒட்டமாட்டேன் என்றது.
ஐந்து குழுவும் ஊதி, ஐந்து போத்தலும் பால்.

கடைசி வாங்கில் கிருபேசன்.
விடிய நாலரைக்கு வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வருபவன்,
இடாப்பில் அவன் வரிசை முழுக்கச் சிவப்பு.
காற்சட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்தான்
ஒரு துண்டு சைக்கிள் ரியூப்.
பம்பும் குழாயும் பொருந்தாத இடத்தில்
தினமும் அவன் கட்டுவது.
இழுத்துச் சுற்றினான். ஊதினான்.
இருபது நொடி. முப்பது. நாற்பது.
போத்தலுக்கு அந்தப் பக்கம் சன்னல் கம்பி
அப்படியே தெரிந்தது.

மேசை தட்டினார்கள்.
பக்கத்து வகுப்புக் கணித ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

அவன் மட்டும் தட்டவில்லை.
"ரீச்சர், அந்தக் கப்பல்ல சைக்கிள் ரியூப் இருந்ததா?"

பொய் சொல்ல எனக்கு ஒரு நொடி கிடைத்தது.
"இல்லை."

"அப்ப அவங்க செத்திருப்பாங்க" என்று
ரியூப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

காலுறையைக் கையில் போட்டுப் பார்த்தான்.
பொலித்தீனை முறுக்கிப் புரியாக்கினான்,
கொப்பி மட்டையை வளைத்து உள்ளே கொடுத்தான்,
காலுறையை எல்லாவற்றுக்கும் மேலாக இழுத்தான்.
டிலக்சிகா ஊத, மற்றவர்கள் எண்ணினார்கள்.
பதினாறில் மங்கல் வந்தது, மெல்ல,
வாவிக் கரையில் யாரோ கால் வைத்ததுபோல.

மணி அடித்தது.
"பதினாறு காணுமா ரீச்சர்?"
"காணாது."
"நாளைக்குப் பாடம் இருக்கா?"
"நாளை சனிக்கிழமை."
சனிக்கிழமையைக் கண்டுபிடித்தவனை
அவன் ஏதோ முணுமுணுத்துத் திட்டினான்.

மாலையில் பெட்டிக்கடையில்
இருநூறு ரூபாய்க்குச் சுண்ணாம்பு கேட்டேன்.
கடைக்காரர் என் பல்லைப் பார்த்தார்.
"இவ்வளவா? வீட்டில ஆரு இப்பிடி வெத்தில போடுற?"

"முப்பத்திரண்டு பேர்" என்றேன்.
மகனின் மற்றக் காலுறையும்
என் பைக்குள் இருந்தது.